தூக்குவோரும் தூக்கப்படுவோரும்

இராமானுஜரின் அவதாரத் தலம் என்ற பெருமையால் பல நூற்றாண்டுகளாக அறியப்பட்டு வந்த ஸ்ரீபெரும்புதூர், சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருவழியில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருப்பதனாலும், துறைமுகமும் விமான நிலையமும் அணுகத்தக்க தூரத்தில் இருப்பதனாலும், சென்ற நூற்றாண்டின் இறுதியில் தொழில் உலகத்தின் கவனத்தைக் கவரத் தொடங்கியது. பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி ஆரம்பமானது முதல், கண்ணாடி, கைபேசி, டயர், மோட்டார் சைக்கிள், கனரக லாரி என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் எழும்ப, இன்று ஒரகடமும் வல்லம் வடகாலும் அடங்கிய மாபெரும் தொழிற்பிராந்தியமாக அது விரிந்து கிடக்கிறது. நவீனமான கார்த் தொழிற்சாலை ஒன்றினுள் நுழைந்து பார்ப்பவரின் கருத்தை முதலில் கவர்வது, அங்கே மனிதன் தன் உடம்பால் பளுவைத் தூக்குவது எவ்வளவு அபூர்வமாகிவிட்டது என்பதேயாகும். எஞ்சினைச் சங்கிலி தாங்கி வருகிறது; முன்கண்ணாடியை வெற்றிடக் கிண்ணங்கள் பொருந்திய யந்திரக்கை பற்றி எடுத்துக் கொடுக்கிறது; திருகாணி முடுக்கும் கருவிகூட மேலிருந்து தொங்கும் கம்பியில் தன் எடையை ஒப்புவித்துவிட்டு, தொழிலாளியின் தோளுக்குப் பாரமில்லாமல் நிற்கிறது.

அதே தொழிலாளி நோயுற்றோ விபத்துக்குள்ளாகியோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது, அவனுடைய 60 கிலோ எடையுள்ள சரீரத்தைக் கட்டிலிலிருந்து ஸ்டிரெச்சருக்கு மாற்றுவதற்கு, ஒரு நர்ஸின் முதுகையும் ஓர் ஆயாவின் முதுகையும் தவிர வேறு சாதனம் நம் ஊர்களில் அநேக இடங்களில் இல்லை. இவ்விரு இடங்களுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரமே உண்டு. இரும்பைத் தூக்கும் மனிதனைக் காப்பதற்குச் செலவிடப்பட்ட அறிவில் சிறு பங்குகூட, மனிதனைத் தூக்கும் மனிதரைக் காப்பதற்கு இன்னும் செலவிடப்படவில்லை. அந்த அறிவை அங்கிருந்து இங்கே கொண்டுவருவது எப்படி என்பதை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

யார் இந்தப் பணியாளர்கள்?

பொருளை உற்பத்தி செய்யாமல் மனிதரைப் பேணுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அனைவரும் இங்கே நம் கருத்திற்குரியவர்கள். தொழிற்சாலை மருத்துவ அறையில் இரவும் பகலும் காத்திருக்கும் நர்ஸ், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வரிசையைச் சமாளிக்கும் ஊழியர், 108 ஆம்புலன்ஸின் பின்புறத்தில் நோயாளியோடு பயணம் செய்யும் தொழில்நுட்பர், ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் தங்கும் விடுதியின் வார்டன், குழந்தைகளைத் தூக்கியும் குனிந்தும் நிமிர்ந்தும் பொழுதைக் கழிக்கும் அங்கன்வாடிப் பணியாளர், தொழிற்சாலையின் நல அலுவலர், வீடுவீடாகச் சென்று படுக்கையில் கிடப்போருக்குச் சிகிச்சை அளிக்கும் செவிலியர் ஆகிய இவர்கள் எல்லோரும் ஒரே தர்மத்தைச் செய்கிறார்கள். ஆகவே ஒரே வகையான அபாயங்களுக்கும் ஆளாகிறார்கள். முதுகு நோய், ஊசிக்குத்து, உறக்கமின்மை, பிறருடைய கோபத்தால் நேரும் தாக்குதல், மனச்சோர்வு என்னும் ஐந்தும் அவற்றுள் தலையானவை.

இவர்களுடைய துன்பத்தை வைத்திய சாஸ்திரம் மிகப் பிந்தித்தான் கண்டுகொண்டது என்று சொல்வதற்கில்லை. இத்தாலியில் மோடெனா நகரில் பேராசிரியராயிருந்த பெர்னார்தினோ ராமஸ்ஸினி, 1700-இல் வெளியிட்ட தம் நூலில், சுரங்கத் தொழிலாளர், குயவர், தட்டார் முதலியோரின் வியாதிகளை விவரித்ததோடு நில்லாமல், மருத்துவச்சிகளுக்கும் பாலூட்டும் செவிலித் தாய்மார்களுக்கும் தனித்தனி அத்தியாயம் ஒதுக்கினார். நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். ஆயினும் அவருக்குப் பின்வந்த இரு நூற்றாண்டுகளில் தொழிற்சாலைப் பாதுகாப்பு ஒரு விஞ்ஞானமாக வளர, பணிவிடையோ பெண்களின் இயல்பான அன்பென்றும் தியாகமென்றும் புகழப்பட்டு, புகழ்ச்சியின் மறைவிலே அதன் காயங்கள் கணக்கில் வராமற் போயின.

முதுகெலும்பின் கணக்கு

முதுகு வலியைப் பற்றி நாம் சரியாக அறிந்துகொள்ள வேண்டுமானால், உடம்பில் நெம்புகோல் எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பழைய நாளில் சந்தைகளில் புழங்கிய வெள்ளிக்கோலில், நீண்ட புயத்தில் நிற்கும் சிறிய எடை, குறுகிய புயத்தில் தொங்கும் பெரிய பாரத்தைச் சமன் செய்வதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் உணர்வர். குனிந்து ஒரு பளுவை எடுக்கும்போது, நீண்ட புயத்தில் இருப்பது நாம் எடுக்கும் பளு. குறுகிய புயத்தில் நின்று அதை ஈடுகட்ட வேண்டியவை முதுகுத் தசைகள். அத்தசைகள் முதுகெலும்பிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தூரத்தில் மட்டுமே நின்று இழுக்கின்றன. நோயாளியின் உடலோ, கட்டிலின் மறுபக்கத்தை எட்டிப் பிடிக்க வேண்டியிருப்பதால், 40 சென்டிமீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவரை இருவர் சமமாகப் பங்கிட்டுத் தூக்குவதாகக் கொண்டால், ஒருவர் பங்கு 30 கிலோ. தூரம் எட்டு மடங்காதலால், அதை ஈடுகட்டத் தசைகள் 240 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டும். முன்னோக்கிக் குனிந்திருக்கும் அவருடைய சொந்த மேலுடம்பைத் தாங்குவதற்கு மேலும் நூறு கிலோவுக்கு அதிகமான விசை தேவை. இவ்விசைகள் யாவும், தூக்கப்படும் பளுவோடும் மேலுடம்பின் எடையோடும் கூடி, இடுப்பு முள்ளெலும்புகளில் கடைசியானது இடுப்புக்கூட்டின்மேல் அமரும் இடத்திலுள்ள வட்டை, மக்கள் டிஸ்க் என்று வழங்கும் அந்தச் சிறிய உறுப்பை, 400 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாக அழுத்துகின்றன. தொழில்சார் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க தேசிய நிறுவனம், பெரும்பாலான தொழிலாளர்களுக்குத் தீங்கு விளைக்காதென்று கருதி வகுத்த எல்லை 3,400 நியூட்டன். அதாவது ஏறக்குறைய 350 கிலோ எடையின் அழுத்தம்.

இந்த வட்டின் அமைப்பிலேயே ஒரு வஞ்சனை இருக்கிறது. நடுவே கூழ் போன்ற பொருளும், அதைச் சுற்றிப் பல அடுக்கு நார்களும் கொண்ட அதற்கு, வளர்ந்த மனிதரிடத்தில் நேரான இரத்தக் குழாய்கள் இல்லை. அண்டையெலும்பிலிருந்து ஊறிப் பரவும் சத்தே அதன் ஆகாரம். ஆகவே அதில் விழும் கீறல் மெதுவாகத்தான் ஆறுகிறது. வலியை உணரும் நரம்புகளோ வெளிப்புற அடுக்குகளில் மட்டுமே உள்ளன. உள்ளடுக்குகள் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கிழிந்துவந்தாலும் உடையவருக்குத் தெரிவதில்லை. ஒரு நாள், தலையணையை எடுக்கக் குனியும்போது, திடீரென்று இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அந்தத் தலையணையையும் அந்தக் கணத்து அஜாக்கிரதையையும் எல்லோரும் பழிக்கிறார்கள்; அதற்கு முன் தூக்கப்பட்ட ஆயிரம் சரீரங்களை நினைப்பார் இல்லை.

போதனையும் சாதனமும்

முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து என்று சுவரில் படம் ஒட்டிப் போதித்தால் போதுமென்ற நம்பிக்கை உலகமெங்கும் நிலவி வந்தது. ஆனால் பளு தூக்கும் முறையைப் பற்றிய பயிற்சிகளை ஒருங்கே ஆராய்ந்து 2008-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, அத்தகைய போதனை முதுகு வலியைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை என்ற முடிவுக்கு வந்தது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மாராஸும் அவருடைய சகாக்களும் 1999-இல் செய்த அளவீடுகளோ, இருவர் சேர்ந்து முறையாகத் தூக்கும்போதுகூட முதுகெலும்பின்மீது விழும் பாரம் அபாயகரமானதே என்று காட்டின. பெட்டியொன்றுக்குக் கைப்பிடி உண்டு, அதன் எடையும் மாறாது. நோயாளியோ பயந்து பிடித்திழுப்பார், நடுவில் தளர்ந்து சரிவார். இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டே, சாதாரணப் பளுவுக்கு உகந்த நிலைகளில் 23 கிலோ என்று வகுக்கப்பட்டிருந்த எல்லை, நோயாளிகளைக் கையாள்வதற்கு 16 கிலோ மட்டுமே என்று 2007-இல் தாமஸ் வாட்டர்ஸ் என்னும் ஆய்வாளரால் குறைக்கப்பட்டது. வயது வந்த எந்த நோயாளியும் அந்த எல்லைக்குள் அடங்குவதில்லையாதலால், அதன் பொருள், முழு உடம்பைக் கையால் தூக்குவதையே விட்டுவிட வேண்டும் என்பதாகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து நர்ஸுகளின் சங்கம் 1998-இலேயே 'தூக்காமை'யைத் தன் கொள்கையாக அறிவித்துப் போராடி, ஆஸ்பத்திரிகளில் தூக்குயந்திரங்களுக்கு வழி வகுத்தது.

தூக்குயந்திரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றது. ஆனால் ஏழை வீட்டுக்கும் ஏற்ற உபாயங்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், தன்னார்வலர்களும் நோய்த்தணிப்புச் செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும் வீடுகளுக்கே செல்கிறார்கள். அங்கே நோயாளி தரையில் பாயிலோ தாழ்ந்த கயிற்றுக் கட்டிலிலோ கிடப்பார். புண்ணைக் கழுவவும் புரட்டிப் படுக்க வைக்கவும் செவிலியர் இடுப்பை முற்றிலும் மடக்கிக் குனிய வேண்டும். கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் உறுதியான மரக்கட்டைகளை அசையாதபடி வைத்து, படுக்கையை இடுப்பளவுக்கு உயர்த்திவிட்டால், நெம்புகோலின் நீண்ட புயம் குறுகிவிடுகிறது. வழுவழுப்பான நைலான் துணியை இரண்டாக மடித்து நோயாளியின் கீழ் விரித்தால், துணிமேல் துணி நழுவுவதனால் உராய்வு குறைந்து, தூக்க வேண்டிய உடம்பு இழுக்கத்தக்கதாகிறது. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பாலமாக வைக்கும் ஒரு வழுக்குப் பலகையை எந்தத் தச்சரும் செய்து தருவார். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியால் இயன்ற அளவு அவரையே அசையச் சொல்லி, அதற்காகப் பொறுத்து நிற்பது, செவிலியரின் முதுகுக்கும் நல்லது. நோயாளியின் தசைகளுக்கும் மருந்து.

ஊசிமுனையில்

இந்தியாவில் எய்ட்ஸ் நோய்க் கிருமி முதன்முதலாக 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட பரிசோதனையினால் கண்டறியப்பட்டது. ஊசிக்குத்தைச் சாமானியமாகக் கருதிவந்த மனோபாவத்தை மாற்றியதில் அந்நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. நோயுள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி ஒருமுறை குத்தினால் எச்.ஐ.வி. தொற்றக்கூடிய வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம், ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு, 6 முதல் 30 சதவீதம் வரை தொற்றலாம். முன்னதை எண்ணி நடுங்குபவர்கள் பின்னதை மறந்துவிடுகிறார்கள்; அதற்கோ மூன்று தவணைகளில் முடியும் தடுப்பூசி இருக்கிறது. நர்ஸுக்கு மட்டுமின்றி, குப்பை வாளியைத் தூக்கிச் செல்லும் துப்புரவுப் பணியாளருக்கும் அதைப் போடுதல் கடமை. குத்திவிட்டால், சோப்பும் நீரும் கொண்டு கழுவி, 72 மணி நேரத்துக்குள், கூடுமானவரை முதல் சில மணிகளிலேயே, தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும்.

இங்கே தொழிற்சாலை ஒரு நல்ல பாடத்தைக் கற்பிக்கிறது. 1960-களில் ஜப்பானியப் பொறியியலாளர் ஷிகியோ ஷிங்கோ பரப்பிய 'போகா யோகே' என்னும் முறை, தொழிலாளி தவறு செய்தாலும் பொருள் தவறாக அமைய முடியாதபடி கருவியையே வடிவமைக்க வேண்டும் என்பது; இப்பிராந்தியத்தின் தொழிற்கூடங்களில் அச்சொல் சர்வசாதாரணமாக வழங்குகிறது. மருந்து செலுத்தியவுடன் ஊசிமுனை தானே உள்ளே ஒடுங்கும் சிரிஞ்சு அதே தத்துவத்தின் பிள்ளை. மூடியைத் திரும்பப் பொருத்தாதே என்று நூறு முறை எச்சரிப்பதைக் காட்டிலும், மூடி பொருத்த வேண்டிய அவசியமே எழாத சிரிஞ்சையும், கைக்கெட்டும் இடத்தில் ஊசி போடத் தகுந்த கெட்டியான பெட்டியையும் வைப்பது மேலானது.

உறக்கமும் சாலையும்

மூன்று ஷிப்டுகளாக ஓடும் தொழிற்பிராந்தியத்தில், தொழிலாளர் பஸ்கள் வந்துபோகும் அகாலங்களிலெல்லாம் யாரோ ஒருவர் விழித்திருந்தாக வேண்டும்: வார்டன், நர்ஸ், ஆம்புலன்ஸ் ஓட்டுநர். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கருத்தும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவருடையதைப்போல் தடுமாறுகின்றன என்று 1997-இல் டாசன், ரீட் என்னும் ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம். மதுவருந்தி வண்டியோட்டுவதைக் குற்றமென்று தண்டிக்கும் சமுதாயம், இரட்டை ஷிப்டு முடித்துக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் வீடு திரும்பும் நர்ஸைக் கடமை வீராங்கனையென்று பாராட்டி அனுப்புகிறது. தொழிற்சாலை பஸ்ஸில் அவருக்கும் ஓர் இடம் கொடுப்பதும், இரவு வேலையின் நடுவே அரைமணி உறங்க அனுமதிப்பதும், இரட்டை ஷிப்டை அடியோடு ஒழிப்பதும் பெரும் பொருள் செலவாகாத காரியங்கள்.

ஓடும் ஆம்புலன்ஸில் நிற்பவரின் நிலை இன்னும் கொடியது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியதிலிருந்து எண்ணற்ற உயிர்களை அது காத்திருக்கிறது. காக்கும் தொழில்நுட்பரோ, திடீர் பிரேக்கில் எறியப்படும் அபாயத்திலேயே வேலை செய்கிறார். ஆக்ஸிஜன், உறிஞ்சு கருவி, மருந்துப் பெட்டி ஆகிய யாவும் பெல்ட்டைக் கழற்றாமலே எட்டும்படி அமைந்த உட்புறமே இதற்குப் பரிகாரம்; கார் ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் வகுக்கும் பொறியியலாளர்கள் நிறைந்த இப்பிராந்தியத்துக்கு அது அரிய வித்தையன்று.

கோபத்தின் முன்னிலையில்

2024 நவம்பர் 13 அன்று, சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியிடத்திலேயே கத்தியால் குத்தப்பட்டது தமிழகத்தைத் திடுக்கிட வைத்தது. மருத்துவப் பணியாளர்களை வன்முறையிலிருந்து காக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2008-இலேயே இயற்றப்பட்டுவிட்டது. தண்டனை அவசியமேயாயினும், அது குத்து விழுந்த பின்னரே வருவது. முன்கூட்டித் தடுப்பதற்கு, கோபம் எங்கே பிறக்கிறதென்று பார்க்க வேண்டும். நெடுநேரம் காத்திருப்பதும், ஏன் காத்திருக்கிறோம் என்று அறியாதிருப்பதுமே அதன் விளைநிலங்கள். இங்கிலாந்தில் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில், இப்போது என்ன நடக்கிறது, அடுத்து என்ன நடக்கும், தமக்குப் பின் வந்தவர் ஏன் முன்னே அழைக்கப்படுகிறார் என்பவற்றைத் தெளிவாக விளக்கும் பலகைகளை வைத்துச் சோதித்தபோது, அச்சுறுத்தும் நடத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக மதிப்பிடப்பட்டது. தமிழோடு இந்தியும் ஒடியாவும் வங்காளியும் புழங்கும் ஒரகடம் வட்டாரத்தில், அத்தகைய பலகை பல மொழிகளில் இருத்தல் வேண்டும். ஊழியர் அமரும் மேஜைக்குப் பின்னே வெளியேறும் வழியும், இரவில் தனியொருவர் பணியிலிராத ஏற்பாடும் வேண்டும்.

உடம்பில் வடு தெரியாத காயமும் ஒன்று உண்டு. 1979-இல் ராபர்ட் கராசெக் விளக்கியபடி, மனிதரை நலியச் செய்வது வேலையின் பளு மாத்திரமன்று. பொறுப்பு மிகுந்து அதிகாரம் குறைந்திருக்கும் நிலையே மிகவும் நலியச் செய்வது. விடுதி வார்டனுடைய நிலை அத்தகையது. 2021 டிசம்பரில் இப்பகுதியின் கைபேசித் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, தோழியர் பெருவழியில் அமர்ந்து போராடியதை நாடு அறியும். நெரிசலையும் உணவையும் தீர்மானிப்பவர்கள் வேறிடத்தில் இருக்க, பெண்களின் கண்ணீருக்கும் சீற்றத்துக்கும் நாள்தோறும் முகங்கொடுப்பவர்கள் விடுதி ஊழியர்களே. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கத்தக்க சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டிருப்பது மெச்சத்தக்க முன்னேற்றம். அத்தகைய கட்டடங்களின் சிறப்பு, சமையலறையை மூடவோ வைத்தியரை அழைக்கவோ ஊழியருக்குத் தாமே முடிவெடுக்கும் அதிகாரம் எவ்வளவு என்பதையும் பொறுத்தது.

செய்ய வேண்டியவை

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், காயம் விளைவிக்கத்தக்க பளுவை எவரையும் தூக்கச் சொல்லலாகாது என்று தன் 34-ஆம் பிரிவில் விதித்தது; 500-க்கு மேற்பட்டோர் வேலை செய்யுமிடத்தில் ஆம்புலன்ஸ் அறை வேண்டுமென்று 45-ஆம் பிரிவில் விதித்தது. ஆஸ்பத்திரி வார்டும் நோயாளியின் வீடும் தொழிற்சாலை அல்லவாதலால், அந்தப் பாதுகாப்பு வாசலோடு நின்றுவிட்டது. 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு, 10 பேருக்குக் குறையாதோர் பணிபுரியும் நிறுவனங்களையெல்லாம் தழுவுவதாக அமைந்திருப்பது நல்லதே. எனினும் சம்பளமென்று சொல்லாமல் ஊக்கத்தொகை பெறும் பெண்களின் நிலை தெளிவுபெற வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உரியதென்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு காட்டிய நியாயம், அவர்களுடைய காயங்களுக்கும் விரிதல் வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க அவசியமில்லை. இந்தத் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். மயிரிழையில் தப்பிய விபத்துகளைப் பதிவு செய்யும் பலகைகள் இருக்கின்றன. குனிவையும் எட்டலையும் அளந்து வேலையிடத்தை அமைக்கத் தெரிந்த பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் இவர்களில் ஒருவர் பக்கத்து ஆஸ்பத்திரியின் வார்டிலும், விடுதியிலும், அங்கன்வாடியிலும் ஊழியரோடு உடன்நடந்து, எந்தப் பளு எங்கே எத்தனை முறை தூக்கப்படுகிறது, எந்த ஊசிப்பெட்டி எட்டாத இடத்தில் இருக்கிறது, யார் எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறார் என்று குறித்து, அக்குறிப்பை நிர்வாகத்தின் முன் வைப்பாரானால், அந்த ஒரு நாள் பத்துச் சுவரொட்டிகளை விடப் பயன் தரும். குறிப்பில் ஊழியரின் குற்றம் எழுதப்படலாகாது. இடத்தின் குற்றமே எழுதப்பட வேண்டும். இல்லையேல் மறுமாதம் உண்மை சொல்ல எவரும் முன்வரமாட்டார்கள். முதுகு ஒடிந்த நர்ஸ் வேலையை விட்டு விலகும்போது, அவருடைய பல்லாண்டு அனுபவமும் அவரோடு வார்டை விட்டுப் போய்விடுகிறது. எஞ்சியிருப்பவர் இருவர் வேலையை ஒருவராகச் செய்து அதே நோய்க்கு ஆளாகிறார். நோயாளியும் கீழே விழுகிறார். ஆகவே பணிவிடை செய்வோரைக் காப்பது, பணிவிடை பெறுவோருக்குச் செய்யும் சிகிச்சையின் முதற்பகுதியே என்று கொண்டு, கட்டிலும் மருந்தும் வாங்கும் கணக்கிலேயே தூக்குசாதனத்தையும் ஓய்வையும் சேர்த்து எழுத வேண்டும்.